பழைய டேப்பைப் படிக்காத டிரைவ்

ஊரெல்லாம் டேப் டிரைவ் வாங்கறது, தொலைஞ்சது திரும்பி வரணும்னுதான். நான் ஒருத்திதான் திரும்பி வந்துடக் கூடாதேன்னு வேண்டிண்டு டிரைவ் தேடினேன். தொண்ணூத்தெட்டாம் வருஷம், மயிலாப்பூர்ல, எங்காத்து வாசல் ஹால்லயே நடந்தது இது. அதுக்கு முன்னாடி பதினாலு மாசம் ஒரு விஷயத்தை ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்தேன். என்னைத் தெரிஞ்சவாளுக்கு அது எவ்வளவு பெரிய சாதனைன்னு புரியும்.

எங்கம்மா ஜெயலக்ஷ்மி, மாட வீதிக்குப் பின்னாடி சந்துல 'மங்கள ஜாதக மையம்'னு ஒண்ணு நடத்திண்டிருந்தா. லாப நோக்கமெல்லாம் இல்லை, சேவை. பதினோராயிரம் பசங்க, பொண்ணுகளோட ஜாதகம் எங்க கம்ப்யூட்டர்ல இருந்தது. உங்க பொண்ணு ஜாதகத்தைக் குடுத்தா, பொருந்தற பையன்களோட லிஸ்ட் மாசா மாசம் உங்காத்துக்கு வந்துடும். அந்த லிஸ்டைப் போடற ப்ரோக்ராமை எழுதினது நான். பேர் சாருலதா, எம்.எஸ்ஸி. மேத்ஸ், அப்போ வயசு இருபத்தெட்டு. பொறந்த தேதி, நேரம், ஊர் மூணையும் போட்டா போறும், நட்சத்திரத்தையும் ராசியையும் அதுவே கணக்குப் போட்டுக்கும். அதை வேடிக்கை பார்க்கறதுக்குன்னே மந்தைவெளியிலேர்ந்து மாமிகள் வருவா.

எங்க மையத்துக்குன்னு ஒரு பெருமை உண்டு. இங்க பொய் ஜாதகம் கிடையாது. ஹால்ல பெரிய கரும்பலகை: 'ஜாதகத்தில் நேரம், நட்சத்திரம் மாற்றியவர்கள் நீக்கப்படுவார்கள்.' அதுக்குக் கீழே நீக்கப்பட்டவா பேரை அம்மா தன் கையால எழுதி வைப்பா. அபிராமபுரத்துலேர்ந்து ஒரு வக்கீல், பொண்ணுக்குச் செவ்வாய் தோஷம் தெரியக் கூடாதுன்னு அரை மணி நேரத்தை முன்னாடி தள்ளிட்டார். அம்மா கண்டுபிடிச்சுட்டா. இருபது பேர் முன்னாடி ஃபாரத்தைக் கிழிச்சு அவர் கையிலயே குடுத்தா. "அரை மணி என்ன சார், அரை நிமிஷம் மாத்தினாலும் பொய் பொய்தான்"னா. மனுஷர் தலையைத் தூக்காம செருப்பைத் தேடிண்டு போனார்.

அந்த மையத்துல முதல் நம்பர் உறுப்பினர் யாருன்னு நெனைக்கறேள்? நான்தான். மாசா மாசம் என் ப்ரோக்ராமே என் கழுத்துல கயித்தைக் கட்டப் பார்க்கும். ரெண்டு வருஷத்துல பதினோரு தடவை பெண் பார்த்தாச்சு. பதினோரு தடவையும் புடவை, பூ, கேசரி, பஜ்ஜி. எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு இல்லை, இப்படி வரிசையில நிக்கறதுதான் வேண்டாம். பதினோராவது தடவை வந்த தி. நகர் மாமி என்ன பண்ணினா தெரியுமோ? "ஜன்னல் வரைக்கும் போயிட்டு வாயேன் கொழந்தே"ன்னா. போயிட்டு வந்தேன். கால் சரியா இருக்கான்னு பார்த்தாளாம். அப்புறம் பின்னலைப் பிடிச்சு லேசா இழுத்தா. சவுரியான்னு பார்த்தாளாம். எனக்கு வந்த கோவத்துக்கு பஜ்ஜித் தட்டை அவ மடியிலயே போட்டேன். கை தவறிடுத்துன்னு சொன்னேன். தவறலை.

அன்னிக்கு சாயங்காலமே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து என் ஜாதகத்தை எடுத்தேன். பொறந்த நேரம் சாயங்காலம் அஞ்சு அம்பது, பூச நட்சத்திரம். அதைப் பத்துப் பத்து நிமிஷமாத் தள்ளிண்டே போனேன். ஆறு நாப்பது போட்டதும் நட்சத்திரம் மாறி ஆயில்யம் ஆச்சு. ஆயில்யத்துப் பொண்ணு வந்தா மாமியாருக்கு ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கே, அது போறும் எனக்கு. எந்த மாமியார்தான் தன் உயிரைப் பணயம் வச்சு மருமகளைத் தேடுவா? என் ப்ரோக்ராமும் அந்த விதியைப் பார்த்துத்தான் லிஸ்ட் போடும். அடுத்த மாசம் முதல் நம்பருக்கு வந்த லிஸ்ட்ல ஒரு பேர்கூட இல்லை. நான் மொட்டை மாடிக்குப் போய்த் தனியாச் சிரிச்சேன்.

லிஸ்ட் மேல நட்சத்திரம் பேரா அச்சாகாது, நம்பராத்தான் வரும். பூசம் எட்டு, ஆயில்யம் ஒன்பது. அம்மா கண்ணாடி போட்டுக்க மாட்டா, எட்டுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு தைரியமா இருந்தேன். அம்மாவும் ஒண்ணும் கேக்கலை. மாசா மாசம் வெத்து லிஸ்டைப் பார்ப்பா, மடிச்சு வைப்பா. ஒண்ணே ஒண்ணுதான் புதுசு. வெள்ளிக்கிழமையானா கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வச்சு ஒரு கற்பூரம் காட்ட ஆரம்பிச்சா. பாவம், வரன் வரலைன்னு வேண்டிக்கறான்னு நெனச்சுண்டேன். கொஞ்சம் குத்தித்து. ஆனா அந்த தி. நகர் மாமியை நெனச்சுண்டா சரியாப் போயிடும்.

இப்படிப் பதினாலு மாசம் ஜாலியாப் போச்சு. அப்போதான் வேற ஒரு மையத்துல ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு. நாலாயிரம் ஜாதகம் ஒரே நாள்ல காணாமப் போய், பொண்ணைப் பெத்தவாள்ளாம் வாசல்ல நின்னு சத்தம் போட்டாளாம். சேதி கேட்டு எங்க காரியதரிசி பத்ரிநாராயணன் மாமாவுக்கு வேர்த்துக் கொட்டிடுத்து. டெலிபோன்ஸ்ல வேலை பார்த்து ரிடையர் ஆனவர். சட்டைப் பையில எப்பவும் சிவப்பு பென்சில் இருக்கும். கல்யாணப் பத்திரிகை குடுத்தாக்கூடத் தப்பைச் சுழிச்சுட்டுத்தான் "ரொம்ப சந்தோஷம்"னு சொல்லுவார்.

"தெனம் எல்லாத்தையும் டேப்ல நகல் எடுத்து வைக்கணும். நமக்கு டேப் டிரைவ் உடனே வேணும்"னார்.

முன்னாடியும் எங்ககிட்ட ஒண்ணு இருந்தது. தொண்ணூத்தாறுல யாரோ தானமாக் குடுத்த டிரைவ். மெட்ராஸ் வெய்யில்ல அதுக்குள்ள இருந்த ரப்பர் உருளை வெல்லப்பாகா உருகி ஒட்டிண்டுடுத்து. அது போறதுக்கு முன்னாடி எடுத்த ஒரே ஒரு டேப் மட்டும் பிழைச்சது. சோப்பு டப்பா சைஸுல ஒரு கார்ட்ரிட்ஜ். அம்மா அதை மஞ்சத் துணியில சுத்தி பீரோவுல வச்சிருந்தா. நான் நேரத்தை மாத்தறதுக்கு முன்னாடி எடுத்த டேப் அது. அதுக்குள்ள நான் பூசம்.

பேக்கப் எடுக்கற சாஃப்ட்வேர் ஏற்கெனவே இருந்தது. என் பெரியம்மா பிள்ளை வெங்கடரமணன் அமெரிக்காவுலேர்ந்து லினக்ஸ் சிடி அனுப்பியிருந்தான், எங்க கம்ப்யூட்டர் அதுலதான் ஓடித்து. அதோட வந்தது, சுத்தமா ஓசி. அதுக்கு அமாண்டான்னு பேர்.

"யாருடி அமாண்டா?"ன்னா அம்மா. "யாரோ வெள்ளைக்காரி நம்மாத்து ஜாதகத்தையெல்லாம் எடுத்து வச்சுப்பாளா?"

"ப்ரோக்ராம்மா அது. தெனம் நாம சொன்ன நேரத்துக்குத் தானா டேப்ல எழுதிடும்."

"ஓசின்னா ஒசத்தி. அமாண்டாவே இருக்கட்டும்"னார் மாமா. "டிரைவ் அவளோட ஒத்துப்போகணும், அதான் முக்கியம். அதோட இன்னொண்ணு. பழைய டேப்பையும் அது படிக்கணும். வாங்கின அன்னிக்கே அந்தப் பழைய டேப்பைப் போட்டு, அதுல இருக்கறதை எல்லாம் அச்சடி. இப்ப இருக்கறதோட நான் வரிவரியா ஒப்பிடறேன். எங்கெல்லாம் வித்தியாசம் இருக்கோ, அங்கெல்லாம் என் பென்சில் பேசும்."

நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். கம்ப்யூட்டர்ல இருக்கறதை நான் எப்ப வேணும்னாலும் பழையபடி மாத்திடலாம். ஆனா மாமா பொங்கலுக்கே மொத்த ரிஜிஸ்டரையும் அச்சடிக்க வச்சு, பைண்டு பண்ணி, அவாத்து பீரோவுல பூட்டி வச்சுட்டார். அதுல முதல் பக்கம், முதல் வரி, நான், ஆறு நாப்பது. பழைய டேப்ல முதல் வரி, நான், அஞ்சு அம்பது. சிவப்பு பென்சிலுக்கு ஒரு நிமிஷ வேலை. ஜெயலக்ஷ்மி மாமியோட பொண்ணே ஜாதகத்தை மாத்திட்டான்னு கரும்பலகையில ஏறும். அம்மா மானம் போகும். நான் மறுபடியும் பூசமாகி, மறுபடியும் பஜ்ஜித் தட்டை ஏந்தணும்.

அதனால எனக்கு வேண்டியது ஒரே ஒரு டிரைவ்தான். அமாண்டாவோட ஒத்துப்போகணும், பழைய டேப்பைத் தொடவே கூடாது.

அந்த சிடியிலயே லினக்ஸுக்கு ஒத்துப்போற சாமானோட பட்டியல் இருந்தது. பத்து பக்கம். படிச்சுப் பார்த்தா எங்க வசதிக்கு ரெண்டுதான் தேறித்து. ஒண்ணு சின்ன கார்ட்ரிட்ஜ் டிரைவ். ஃப்ளாப்பி கேபிள்லயே மாட்டிக்கலாம், விலை கம்மி, பழைய டேப்பை ஆசையாப் படிக்கும். இன்னொண்ணு டாட் டிரைவ். அதுக்குத் தனியா ஒரு கார்டு போடணும், விலை மூணு மடங்கு. அதோட டேப் தீப்பெட்டி மாதிரி இருக்கும், பழைய கார்ட்ரிட்ஜ் அதுக்குள்ள நுழையவே நுழையாது. எனக்கு அந்த டாட் டிரைவைக் கட்டிண்டு அழணும் போல இருந்தது.

பட்டியலை அச்சடிச்சு மாமாகிட்டக் குடுத்தேன். சின்ன டிரைவ் இருந்த ஏழாம் பக்கத்தை மட்டும் எடுத்துட்டேன்.

"ஆறுக்கப்புறம் எட்டு வர்றதே சாரு?"

"பிரிண்டர் முழுங்கிடுத்து போலிருக்கு மாமா."

"முழுங்கினதைக் கக்கச் சொல்லு"ன்னு சிவப்பு பென்சிலால பக்க நம்பரைச் சுழிச்சுக் குடுத்தார். கக்கினேன். ஏழாம் பக்கத்தைப் படிச்சுட்டு மாமா முகம் மலர்ந்துடுத்து. "இந்தச் சின்னதே போறுமே! எதுக்கு மூணு மடங்கு?"

சரி, விக்கறவன் நம்ம பக்கம் இருப்பான்னு நம்பினேன். எந்த சேல்ஸ்மேன் விலை ஜாஸ்தி சாமானை வேண்டாம்பான்? மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையிலேர்ந்து ஃபிரெட்ரிக்னு ஒருத்தர் வந்தார். பெசன்ட் நகர்ல வேளாங்கண்ணி கோயில் பக்கத்துல வீடு. முப்பது வயசு இருக்கும், முழுக்கைச் சட்டை, கையில ரெண்டு பெட்டி. மாமா வர்றதுக்குள்ள அவரை மடக்கி, "டாட்தான் நல்லதுன்னு அடிச்சு சொல்லுங்கோ"ன்னேன்.

"மேடம், உங்க வேலைக்கு இந்தச் சின்னதே தாராளமா போதும். எதுக்கு வீணா செலவு பண்றீங்க?"

உண்மை பேசற சேல்ஸ்மேன்! மெட்ராஸ்லயே ஒருத்தர்தான் இருந்திருப்பார், அவர் எனக்குன்னு வந்து வாய்ச்சார்.

"ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்கோ தம்பி, பார்த்துட்டு முடிவு பண்ணலாம்"னார் மாமா. எதிர்ல நாற்காலியைப் போட்டு, காலை மடிச்சு உக்காந்துண்டார். அம்மா காப்பி கொண்டு வந்து வச்சா. டிரைவ் ரெண்டும் மேஜை மேல பளபளன்னு உக்காந்திருந்தது. எனக்கு அந்த இடத்துல உக்காந்த அனுபவம் பதினோரு தடவை உண்டு, அதனால அதுகள் மேல பாவமா இருந்தது.

ஆனா பாவம் பார்த்தா என் பொழப்பு என்னாறது? அந்தச் சின்ன டிரைவுக்கு ஒரு பலவீனம் உண்டு. கம்ப்யூட்டர் சீரா, நிறுத்தாம டேட்டா குடுத்துண்டே இருக்கணும். நடுவுல ஒரு நொடி தாமதமானாலும் டேப்பை நிறுத்தி, பின்னாடி ஓட்டி, மறுபடி முன்னாடி ஓடும். அவர் கேபிளை மாட்டிண்டிருந்தபோதே நான் பின்னணியில என் ப்ரோக்ராமைத் தட்டி விட்டேன். பதினோராயிரம் ஜாதகத்துல ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒவ்வொரு பையனாப் பொருத்தம் பார்க்கச் சொல்லி. கம்ப்யூட்டருக்கு மூச்சு விட நேரமில்லை.

டிரைவ் கிளம்பித்து. கர்ர்னு ஓடும், டக்குனு நிக்கும், பின்னாடி ஓடும், நிக்கும், மறுபடி கர்ர். காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின்ல கல் மாட்டிண்ட மாதிரி ஒரு சத்தம். பத்து நிமிஷத்துல நூறு ஜாதகம்கூட ஏறலை. ஃபிரெட்ரிக் முகம் வாடிப்போச்சு.

"கடையில நல்லா ஓடிச்சு சார். மேடம், பின்னாடி வேற ஏதோ ஓடுது போலிருக்கே?"

"அது எப்பவும் ஓடறதுதான்"னேன், கண்ணைச் சிமிட்டாம.

"எப்பவும் ஓடுமா?"ன்னார் மாமா. "அப்ப எப்பவும் இந்தச் சத்தம்தான் கேக்குமா?"

இருந்தாலும் மாமா விட்டுக்குடுக்கலை. "சத்தம் போட்டா போட்டுட்டுப் போறது. மெதுவாத்தான் எழுதட்டுமே, விலை கம்மி, பழைய டேப்பும் படிக்கும்"னார். நான் தலையில கை வைக்காத குறை. அப்போதான் அம்மா இடுப்புலேர்ந்து கண்ணாடியை எடுத்து மாட்டிண்டா. அம்மா கண்ணாடி போட்டு நான் பார்த்தே ரெண்டு வருஷம் இருக்கும். குனிஞ்சு டிரைவோட அடியில ஒட்டியிருந்த சீரியல் நம்பரை ஒவ்வொண்ணாப் படிச்சா.

"நாலு, ஏழு, ரெண்டு, ஒண்ணு, மூணு. கூட்டினா பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. பத்ரி, எட்டு வர்றதே?"

மாமா காலைக் கீழே இறக்கினார். எட்டுன்னா அவருக்கு ஆகாது. ஸ்கூட்டருக்கு எட்டு வராத நம்பர் வேணும்னு மூணு மாசம் காத்திருந்தவர். அம்மா விடலை, டாட் டிரைவையும் திருப்பிப் பார்த்தா. "இது ஆறு. சுக்ரன். கல்யாண விஷயத்துக்குச் சுக்ரன்தானே வேணும்? விலையைப் பார்த்தா முடியுமா பத்ரி? பதினோராயிரம் குடும்பம் நம்மை நம்பிண்டிருக்கு."

கருவேப்பிலை கொசுறு குடுக்கலைன்னா தண்ணித்துறை மார்க்கெட்டையே ரெண்டாக்கற எங்கம்மா, விலையைப் பார்க்காதேன்னு சொல்றா! எனக்குப் புரியவே இல்லை. பகவானே இறங்கி வந்து உதவி பண்றார்னு எடுத்துண்டேன். பின்னணியில ஓடினதை நைசா நிறுத்தினேன். டாட் டிரைவ் வெண்ணெயா ஓடித்து. அமாண்டா முதல் தடவையிலயே மொத்த ஜாதகத்தையும் எழுதி, திருப்பிப் படிச்சும் காட்டினா. மாமா பென்சிலைப் பையில சொருகிண்டு, "இதையே முடிச்சுடலாம்"னார். நான் உள்ள போய் ஒரு ஸ்பூன் சக்கரையை வாயில போட்டுண்டேன்.

வெளில வந்தா ஃபிரெட்ரிக் இன்னும் கிளம்பாம நெளிஞ்சுண்டு நிக்கறார்.

"சார், மூணு மடங்கு செலவு பண்றீங்க, எனக்கு மனசு கேக்கலை. உங்க பழைய டேப் வீணாப் போக வேணாம். எங்க கடையில பழைய மாடல் டிரைவ் ஒண்ணு நல்ல கண்டிஷன்ல இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து டேப்பை வாங்கிட்டுப் போறேன். அதுல இருக்கறதை எல்லாம் உங்க புது டேப்ல ஏத்தி, சாயங்காலமே கொண்டாந்து தரேன். காசு வேணாம் சார்."

"நீங்க நன்னா இருப்பேள் தம்பி"ன்னு மாமா அவர் கையைப் பிடிச்சுண்டார். "வெள்ளிக்கிழமை பன்னண்டு மணிக்கு மேல வாங்கோ. சாரு, சனிக்கிழமை அச்சடிச்சு வை. நான் அந்த பைண்டு பண்ணின ரிஜிஸ்டரை எடுத்துண்டு வரேன்."

நல்லவனைப் படைச்சான் பாருங்கோ அந்த ஆண்டவன்! வாய்ல இருந்த சக்கரை கசந்துது.

அடுத்த ரெண்டு நாள் எனக்குச் சாதமே இறங்கலை. அம்மாவும் ரசத்துக்கு ரெண்டு தடவை உப்பு போட்டா. கடைசியில ஒரே வழிதான் தெரிஞ்சுது. டேப்புக்குக் காந்தம் ஆகாது. பக்கத்துல கொண்டு வந்தாலே அழிஞ்சுடும்னு நானே அம்மாவுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். பரண்ல கெட்டுப்போன ஸ்பீக்கர் ஒண்ணு கிடந்தது. அதைப் பிரிச்சு, அடியில இருந்த காந்தத்தை எடுத்தேன். உள்ளங்கை அகலம், நல்ல கனம், கரண்டியைக் காட்டினா ஓடி வந்து ஒட்டிக்கறது.

எப்போ பண்றதுன்னுதான் கேள்வி. ஹால்ல எப்பவும் யாராவது உக்காந்திருப்பா. வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னண்டு வரைக்கும் ராகு காலம். அந்த ஒன்றரை மணி நேரம் எங்க மையத்துல ஈ, காக்கா இருக்காது. ராகு காலத்துல எவராவது ஜாதகத்தை எடுத்துண்டு படி ஏறுவாளோ? மாமா அவாத்து வாசலைத் தாண்டவே மாட்டார். அம்மாவும் லஸ்ஸுக்குப் போய்க் கறிகாய் வாங்கிண்டு வரேன்னு பையை எடுத்துண்டு கிளம்பிட்டா. நல்ல காரியத்துக்குத்தான் ராகு காலம் ஆகாது, என் காரியத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பதினொண்ணேகால் இருக்கும். முந்தானைக்குள்ள காந்தத்தை மறைச்சுண்டு ஹாலுக்குள்ள நுழைஞ்சேன்.

பீரோ திறந்திருந்தது. அதுக்கு முன்னாடி தரையில அம்மா உக்காந்திருந்தா. பக்கத்துல காலிப் பை. மடியில மஞ்சத் துணி, அதுக்கு மேல பழைய டேப். அம்மா கையில எங்காத்து ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்குமே, குட்டிப் பிள்ளையார் காந்தம். பிள்ளையாரால அந்த டேப்பைச் சந்தனம் அரைக்கற மாதிரி சுத்திச் சுத்தித் தேய்ச்சுண்டிருந்தா.

"அம்மா, என்ன பண்றே?"

தூக்கிவாரிப் போட்டுது அவளுக்கு. "நீ என்னடி பண்றே இங்கே?"

என் முந்தானை நழுவி, காந்தம் பீரோ கதவுல போய் டங்குனு ஒட்டிண்டுது. அம்மா அதைப் பார்த்தா. நான் பிள்ளையாரைப் பார்த்தேன். அம்மா கண்ல பொலபொலன்னு தண்ணி.

"எல்லாம் தெரிஞ்சுண்டுதான் வந்திருக்கியா சாரு? என் மானத்தைக் காப்பாத்தணும்னு வந்தியா?"

"எது தெரிஞ்சுண்டு?"

"அந்தக் கம்ப்யூட்டர்தான் கண்டுபிடிச்சுடுத்தேடி! பதினாலு மாசமா உன் பேருக்கு நேரா ஒன்பதுன்னு அடிச்சு அடிச்சுக் காட்டறதே. நான் பூசம்னு எழுதினதை ஒத்துக்காம, தானே கணக்குப் போட்டு ஆயில்யம்னு உண்மையைக் கக்கிடுத்து. நான் குங்குமம் வச்சேன், கற்பூரம் காட்டினேன், யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு கெஞ்சினேன். இப்போ பழைய டேப்ல பூசம்னு வந்தா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, பத்ரிக்குப் புரியாதா? நான்தான் உன் நேரத்தை மாத்தினேன்னு?"

அவ பக்கத்துலயே தரையில உக்காந்தேன்.

"அம்மா, கம்ப்யூட்டர் ஒண்ணும் கண்டுபிடிக்கலை. நான்தான் மாத்தினேன். எவளும் என்னைப் பார்க்க வரக் கூடாதுன்னு அஞ்சு அம்பதை ஆறு நாப்பதா ஆக்கினேன்."

அம்மா கண்ணைத் துடைச்சுண்டு என்னையே பார்த்தா. அப்புறம் சொன்னா.

"ஆறு நாப்பது இல்லடி. ஆறு அம்பது."

"என்னது?"

"நீ பொறந்தது ஆறு அம்பது. உங்கப்பா ஆஸ்பத்திரி கடிகாரத்தைப் பார்த்துண்டே நின்னார். ஆறரைக்கே ஆயில்யம் பொறந்தாச்சுன்னு பஞ்சாங்கத்துல இருந்தது. ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி எழுதிக்கலாம்னு நான்தான் சொன்னேன். அவர் போனப்புறம் என் ஒருத்திக்குத்தான் தெரியும்."

நான் பொய்யின்னு நெனச்சுப் போட்டது நெஜம். இருபத்தெட்டு வருஷமா நெஜம்னு நம்பினது பொய். வருஷா வருஷம் பூசத்தன்னிக்குக் கபாலிக்கு என் பேர்ல அர்ச்சனை வேற! எனக்குச் சிரிப்பு பீறிண்டு வந்துது, கூடவே கோவமும் வந்துது.

"அந்த வக்கீலை அவ்வளவு பேர் முன்னாடி கிழிச்சியேம்மா! அரை நிமிஷம் மாத்தினாலும் பொய்தான்னியே!"

"அவரைக் கிழிச்ச அன்னிக்கு நான் சாப்பிடலை, உனக்குத் தெரியாது."

"எதுக்கும்மா மாத்தினே?"

"நீ பொறந்து அரை மணி ஆகலை. கையளவு இருந்தே. நாளைக்கு யாராவது உன்னை வேண்டாம்னு சொல்லிடுவாளோன்னு எனக்கு அன்னிக்கே பயம் வந்துடுத்து."

"அவா வேண்டாம்னு சொல்லணும்னுதாம்மா நான் மாத்தினேன்."

அம்மா பிள்ளையாரைக் கீழே வச்சா. "உனக்குப் பிடிக்கலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பதினோரு தடவை என் கையில பஜ்ஜித் தட்டைக் குடுத்தியே, ஒரு தடவையாவது கேட்டியா?"

கேட்டுட்டேனே தவிர, அம்மா முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கே தாங்கலை. அவ மஞ்சத் துணியோட ஓரத்தைத் திருகிண்டே இருந்தா. நான் பேச்சை மாத்தணுமேன்னு, "இந்தப் பிள்ளையாரை வச்சு நீ ஒரு வருஷம் தேய்ச்சாலும் டேப்புக்கு ஒண்ணும் ஆகாது. அதோ என்னுதுன்னா ஒரு தடவை காட்டினாப் போறும்"னேன்.

அம்மா எழுந்து போய் பீரோவுலேர்ந்து காந்தத்தைப் பிடுங்கினா. ரெண்டு கையாலயும் இழுக்க வேண்டியிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்புறம் சமையல் உள்ளுக்குக் கொண்டு போய், அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வச்சுட்டு வந்தா.

"இதுல மத்தவா கொழந்தைகளும் இருக்காளேடி, பாவம். இதை ஃபிரெட்ரிக் வந்தா குடுத்துடு"ன்னு டேப்பைத் துடைச்சு மேஜை மேல வச்சா. "பத்ரி கேட்டா நான் சொல்லிக்கறேன். பலகையில என் பேரை நானே எழுதறேன். அந்த வக்கீலாத்துக்கும் ஒரு நடை போயிட்டு வரணும்."

"அம்மா..."

"நீ கம்ப்யூட்டரைப் போடு. உன் பேரை எடுத்துடு."

"ஆறு அம்பதுன்னு திருத்தறதா?"

"திருத்த வேண்டாம். மொத்தமா எடுத்துடு. நீயா வந்து, சேர்த்துக்கோம்மான்னு சொன்னா அப்போ சேர்த்துக்கறேன். சொல்லலைன்னா வேண்டாம்."

கம்ப்யூட்டர் முன்னாடி போய் உக்காந்து, முதல் நம்பரை நீக்கச் சொல்லித் தட்டினேன். நீக்கவான்னு கேட்டுது திரை, ஆமாம்னா ஒய் தட்டணும். விரலைக் கொண்டு போனேன். பின்னாடி நின்னுண்டிருந்த அம்மா டக்குனு என் மணிக்கட்டைப் பிடிச்சா. மனசு மாறிடுத்து, அவ்வளவுதான்னு நெனச்சேன்.

"இருடி, என்ன அவசரம்?"னா. "மணி பதினொண்ணு நாப்பதுதான் ஆறது. நல்ல காரியம், ராகு காலம் முடியட்டும்."

இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுண்டு என் பக்கத்துல உக்காந்தா. என் கையை அவ விடவே இல்லை. ரெண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துண்டு உக்காந்திருந்தோம்.